கணக்குக் கேட்க வரும் ஆவிகள்





மார்கழி இதழ் உங்கள் கையில். இம்முறை சிறப்புப் பகுதியை ரஷ்ய இலக்கியத்தின் அமானுஷ்யக் கதைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஏன் இப்போது என்று கேட்டால், இதுதான் அந்தக் கதைகளின் பருவம். கிறிஸ்துமஸ் தொடங்கி, ஜனவரி 6ஆம் தேதி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரையிலான நாட்களைப் பழைய ரஷ்யாவில் 'ஸ்வியாத்கி' என்றார்கள். அந்த நாட்களில் செத்தவர்களும் பூதங்களும் மனிதர்களுக்கு மிக அருகில் வந்துவிடுவதாக நம்பிக்கை. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் நள்ளிரவில் கண்ணாடிக்கு எதிரே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, வரப்போகிறவனின் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். உருக்கிய மெழுகைத் தண்ணீரில் ஊற்றி, அது உறைகிற உருவத்தை வைத்துக் குறி சொல்வார்கள். கவிஞர் ஷுகோவ்ஸ்கி 1813இல் வெளியிட்ட 'ஸ்வெத்லானா' கதைப்பாடல் இந்தக் கண்ணாடி முன்னால்தான் நடக்கிறது. புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தில் தத்யானாவைக் கரடி துரத்துகிற அந்தப் பயங்கரக் கனவும் இதே நாட்களில் வருவதுதான். பின்னால் பத்திரிகைகள் பெருகியபோது, கிறிஸ்துமஸ் இதழ் என்றால் அதற்கென்று ஒரு தனிக் கதை வேண்டும், அதில் பேயோ அற்புதமோ இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டு வாங்கினார்கள். லெஸ்கோவும் செகாவும் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்.

ரஷ்ய இலக்கியம் என்றதும் வறுமை, குற்றம், சிறை, விசாரணை, பனிப்பொழிவில் நடக்கும் ஏழைக் குமாஸ்தா என்று யதார்த்தம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அது சரியான நினைவுதான். ஆனால் அந்த யதார்த்தத்தை எழுதிய அதே கைகள்தான் ஆவிகளையும் எழுதின. புஷ்கின், கோகோல், துர்கனேவ், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ் என்று ஒருவர் பாக்கியில்லை. இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ரஷ்ய ஆவிகள் சும்மா பயமுறுத்த வருவதில்லை. ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது, அதைக் கேட்க வருகின்றன. பெரும்பாலும் அது மிகச் சிறிய கணக்கு.

புஷ்கினின் 'சவப்பெட்டிக்காரன்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1830 இலையுதிர்காலத்தில் போல்தினோ கிராமத்தில் எழுதியது, சில பக்கங்களே வரும். மாஸ்கோவில் சவப்பெட்டி செய்து விற்கும் அத்ரியான் புரோஹொரொவ் புது வீட்டுக்குக் குடிபோகிறான். எதிர் வீட்டுச் செருப்புத் தொழிலாளியின் விருந்தில், எல்லாரும் அவரவர் வாடிக்கையாளர்களின் ஆரோக்கியத்துக்காகக் கோப்பையை உயர்த்துகிறார்கள். உன் பிணங்களுக்காக நீயும் குடி என்று யாரோ இவனைக் கேலி செய்ய, ரோஷத்தோடு வீடு திரும்பியவன் என் விருந்துக்கு என் வாடிக்கையாளர்களையே அழைக்கிறேன் என்கிறான். அவர்கள் வந்துவிடுகிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சிறிய எலும்புக்கூடு முன்னால் வந்து, தன்னைத் தெரிகிறதா என்று அன்போடு கேட்கிறது. ஓய்வுபெற்ற சார்ஜென்ட் குரீல்கின். 1799இல் அத்ரியான் விற்ற முதல் சவப்பெட்டி அவருக்குத்தான், அதிலும் பைன் மரத்தை ஓக் மரம் என்று சொல்லி விற்றான். அணைத்துக்கொள்ள வந்த எலும்புக்கூட்டை அத்ரியான் அலறிக்கொண்டு தள்ளுகிறான், அது சிதறி விழுகிறது. எல்லாம் கனவு என்று கதை முடிந்துவிடும். ஆனால் அந்த ஆண்டும், அந்த மரத்தின் பெயரும் முடிவதில்லை. ஒரு வியாபாரி முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சின்னப் பொய்யை, செத்தவன் வந்து சொல்கிறான். கோபமே இல்லாமல் சொல்கிறான் என்பதுதான் நம்மை உலுக்குகிறது.

மூன்று வருஷம் கழித்து, அதே போல்தினோவில் புஷ்கின் 'இஸ்பேட் ராணி'யை எழுதினார். 1834இல் அச்சாயிற்று. அமானுஷ்யக் கதை எழுத விரும்பும் எந்த இளம் எழுத்தாளருக்கும் நான் கொடுக்கும் முதல் பாடம் இதுதான். ஹெர்மன் ராணுவப் பொறியாளன், சிக்கனக்காரன். நண்பர்கள் விடிய விடியச் சீட்டாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், ஒரு சீட்டைத் தொடமாட்டான். தோற்காத மூன்று சீட்டுகளின் ரகசியம் ஒரு கிழட்டுக் கோமகளிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவனுக்குப் பித்துப் பிடிக்கிறது. அவளுடைய வளர்ப்புப் பெண் லிசவேத்தாவைக் காதலிப்பதாக நடித்து வீட்டுக்குள் நுழைகிறான். துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறான். துப்பாக்கியில் குண்டு இல்லை. கிழவி பயத்திலேயே செத்துப்போகிறாள்.

இனி வரும் அந்த இரவைப் புஷ்கின் எப்படி எழுதியிருக்கிறார் என்று நிதானமாகப் பாருங்கள். சவ அடக்கத்துக்குப் போய்வந்த ஹெர்மன் அன்று வழக்கத்துக்கு மாறாக நிறையக் குடித்திருக்கிறான். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறான். விழித்தால் நிலா வெளிச்சம், மணி மூன்றுக்குக் கால் மணி முன்பு. தெருவிலிருந்து யாரோ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளி அறைக் கதவு திறக்கிற சத்தம். குடித்துவிட்டு வேலைக்காரச் சிப்பாய் வருகிறான் போலும் என்று நினைக்கிறான். ஆனால் காலடி வேறு மாதிரி இருக்கிறது, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற காலடி. வெள்ளை உடுப்பில் ஒரு பெண் உள்ளே வருகிறாள். சின்ன வயதில் தன்னை வளர்த்த தாதிதான் இந்த அகால நேரத்தில் எதற்கு வந்தாளோ என்று யோசிக்கிறான். பக்கத்தில் வந்ததும்தான் தெரிகிறது, கோமகள். தன் விருப்பத்துக்கு மாறாக அனுப்பப்பட்டிருக்கிறேன் என்கிறாள். மூன்று, ஏழு, ஆஸ். நாளுக்கு ஒரு சீட்டுதான் வைக்க வேண்டும், அதன் பிறகு ஆயுசுக்கும் ஆடக்கூடாது. லிசவேத்தாவைக் கல்யாணம் செய்துகொண்டால், தன் சாவை மன்னிப்பாள். அவள் போன பிறகு ஹெர்மன் எழுந்து பக்கத்து அறைக்குப் போகிறான். சிப்பாய் தரையில் தூங்குகிறான், உலுக்கி எழுப்பினாலும் அவனிடமிருந்து உருப்படியான ஒரு வார்த்தை வரவில்லை. வெளிக்கதவு பூட்டியபடியே இருக்கிறது. ஹெர்மன் மெழுகுவர்த்தி ஏற்றி, பார்த்ததை எழுதி வைத்துக்கொள்கிறான்.

குடித்திருந்தான், கதவு பூட்டியிருந்தது, ஆகவே கனவு. சரி. ஆனால் மூன்று ஜெயிக்கிறது. 47,000 ரூபிள் இரட்டிக்கிறது. மறுநாள் ஏழும் ஜெயிக்கிறது. மூன்றாம் நாள் தன் கையிலிருப்பது ஆஸ் என்று நம்பிச் சீட்டைத் திருப்பினால், இஸ்பேட் ராணி. அது அவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. ஹெர்மனின் கதை ஒபுஹொவ் மருத்துவமனையின் 17ஆம் எண் அறையில் முடிகிறது. மனநோயாளியாகச் சீட்டுகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் மூன்று சீட்டுகளையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், லிசவேத்தாவைப் பற்றிய நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். ஹெர்மனும் அதைத்தான் செய்தான். கிழவி கேட்டுப் போன ஒரே பாக்கி அது ஒன்றுதான். அவன் கனவில்கூட சீட்டுகள்தான் வருகின்றன, அந்தப் பெண் வருவதில்லை. புஷ்கின் இதை எங்கேயும் சுட்டிக்காட்டவில்லை, அப்படியே விட்டுவிடுகிறார். கடைசி வரிகளில், லிசவேத்தாவுக்கு வேறொரு நல்ல இளைஞனோடு கல்யாணமாயிற்று என்று மட்டும் சொல்கிறார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1880 ஜூனில், கதை எழுதப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு தஸ்தயேவ்ஸ்கி ஒரு கடிதம் எழுதினார். அமானுஷ்யம் யதார்த்தத்தோடு ஒட்டி உரசிக்கொண்டு வர வேண்டும், வாசகர் கிட்டத்தட்ட நம்பியே ஆக வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை. அதன் உச்சம் என்று அவர் காட்டியது 'இஸ்பேட் ராணி'யை. படித்து முடித்த பிறகும், அது ஹெர்மனின் மனசிலிருந்து வந்ததா, நிஜமாகவே வேறொரு உலகத்தைத் தொட்டுவிட்டானா என்று நமக்குத் தீர்மானம் ஆவதில்லை என்கிறார். இந்தத் தயக்கமே இவ்வகைக் கதையின் உயிர் என்று இலக்கியக் கோட்பாட்டாளர் தொதரோவ் 1970இல் பாரிஸில் ஒரு கோட்பாட்டு நூலே எழுதினார். அதற்குத் தொண்ணூறு வருஷம் முன்னால் ஒரு நாவலாசிரியர் தன் தொழிலுக்குத் தேவையான விதியாக அதைக் கண்டுகொண்டிருந்தார்.

தஸ்தயேவ்ஸ்கி இந்த விதியைச் சிரமப்பட்டுத்தான் கற்றார். 1846இல் 'இரட்டையர்' வெளிவந்த பிறகு, பெரும் விமர்சகரான பெலின்ஸ்கி கடுமையாகச் சொன்னார்: இந்தக் காலத்தில் இத்தகைய விஷயங்களுக்கு இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான், கவனிக்க வேண்டியவர்கள் மருத்துவர்கள், கவிஞர்கள் இல்லை. பெலின்ஸ்கி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் அவர் பக்கம் நிற்க முடியாது. தஸ்தயேவ்ஸ்கியின் பதில் இருபது வருஷம் கழித்து 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ஸ்விட்ரிகைலோவ் வாயிலாக வருகிறது. ஆவிகள் நோயாளிகளுக்கு மட்டும்தான் தெரிகின்றன என்றால், நோயாளிகளால் மட்டும்தான் அவற்றைப் பார்க்க முடிகிறது என்றுதானே அர்த்தம், ஆவிகளே இல்லை என்று எப்படி ஆகும்? கேள்வி கேட்பவன் நல்லவன் இல்லை, ஆனாலும் நாவலின் நாயகன் ராஸ்கோல்னிகோவுக்கு இதற்குச் சரியான மறுமொழி கிடைக்கவில்லை. நமக்கும் எளிதில் கிடைக்காது.

ஸ்விட்ரிகைலோவிடம் செத்துப்போன மனைவி மார்பா பெத்ரோவ்னா மூன்று முறை வந்திருக்கிறாள். அவள் சாவில் அவனுக்குப் பங்கு உண்டா என்ற சந்தேகம் நாவல் முழுக்க நிற்கிறது. பழி வாங்கவா வருகிறாள்? முதல் முறை வந்து, சாப்பாட்டு அறைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டாயே என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஏழு வருஷமாக வாரந்தோறும் அவன் செய்த வேலை அது, மறந்தால் அவள்தான் ஞாபகப்படுத்துவாள். ஒரு குடும்பத்தின் மொத்தச் சரித்திரமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எம்.ஏ. சுசீலா அம்மையாரின் தமிழாக்கத்தில் இந்த நாவல் நமக்குக் கிடைக்கிறது. படித்தவர்கள்கூட இந்த இடத்துக்காக ஒருமுறை திரும்பிப் போகலாம்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இவானிடம் வருகிற சாத்தானுக்கு நெருப்பும் இல்லை, கொம்பும் இல்லை. நாகரிகம் மாறிப்போன கட்டம்போட்ட கால்சட்டை, கொஞ்சம் நைந்த கோட்டு. சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறித் தங்கிக் காலம் தள்ளும் நொடித்துப்போன கனவான் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். வாதம் இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறான். ஏழு பூட், அதாவது நூறு கிலோவுக்கும் மேலே எடையுள்ள ஒரு வியாபாரியின் மனைவியாகப் பிறந்து, கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. ஆத்திரத்தில் இவான் டீ கிளாஸை அவன் மேல் வீசுகிறான். ஜன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்தால், வீசிய கிளாஸ் மேஜை மேல் அப்படியே இருக்கிறது. தலையில் போட்டுக்கொண்ட ஈரத் துண்டு காய்ந்து மடித்தபடி கிடக்கிறது. வெளியே நிற்கும் தம்பி அல்யோஷா, வேலைக்காரன் ஸ்மெர்த்யகோவ் தூக்கில் தொங்கிவிட்டான் என்கிறான். இந்த அத்தியாயத்துக்காக மருத்துவர்களிடம் விசாரித்து எழுதினேன் என்று தஸ்தயேவ்ஸ்கி தன் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார். பெலின்ஸ்கி சொன்ன மருத்துவர்களையும் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார், சாத்தான் இருந்த சோபா அப்போதும் காலியாகவில்லை.

இனி கோகோல். 1842இல் வந்த 'மேல்கோட்டு' கதையை ஏழைக் குமாஸ்தாவின் கண்ணீர்க் கதை என்றே நாம் படித்துப் பழகிவிட்டோம். அதன் கடைசிப் பகுதியில் ஒரு பேய் இருக்கிறது என்பதைப் பலர் நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. அகாகி அகாகியேவிச்சின் சம்பளம் வருஷத்துக்கு 400 ரூபிள். புதுக் கோட்டுக்கு 80 ரூபிள் வேண்டும். அதற்காக மாலை டீயை நிறுத்துகிறான், மெழுகுவர்த்தி ஏற்றுவதை விடுகிறான், செருப்புத் தோல் தேயாமல் இருக்க நுனிக்காலில் நடக்கிறான். கழுத்துப்பட்டைக்கு உயர்ந்த ரோமம் விலை கட்டுப்படியாகாமல், தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாத பூனை ரோமம் வாங்குகிறான். போட்டுக்கொண்ட முதல் நாள் இரவே கோட்டைப் பறித்துவிடுகிறார்கள். புகார் சொல்லப் போன இடத்தில் ஓர் உயர் அதிகாரி அதட்டிய அதட்டலில் நிலைகுலைந்து, குளிரில் வீடு திரும்பி, காய்ச்சலில் சாகிறான். விட்டுச்சென்ற சொத்து ஒரு கட்டு இறகுப் பேனா, கொஞ்சம் அலுவலகக் காகிதம், மூன்று ஜோடி காலுறை, அறுந்த இரண்டு மூன்று பொத்தான்கள், பழைய கோட்டு. அலுவலகத்துக்குச் சேதி தெரிவதே அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான். மறுநாள் அவன் நாற்காலியில் வேறொருவன், இவனைவிட உயரம், எழுத்து இன்னும் அதிகச் சாய்வு.

இங்கே முடித்திருந்தாலும் அது மகத்தான கதைதான். ஆனால் கோகோல் முடிக்கவில்லை. கலீன்கின் பாலத்தருகே ஒரு குமாஸ்தாப் பேய் உலவுகிறது, பதவி பட்டம் பாராமல் எல்லார் தோளிலிருந்தும் கோட்டுகளை உருவுகிறது. கடைசியில் அந்த உயர் அதிகாரியின் கோட்டையும் பிடுங்கிக்கொண்டு மறைகிறது. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஜெனரலின் கோட்டு அளவு சரியாக இருந்திருக்கும் என்கிறார் கோகோல். அந்த அதிகாரியும் அன்று முதல் கீழே வேலை செய்பவர்களை அதட்டுவதைக் குறைத்துக்கொள்கிறார். உயிரோடு இருந்தபோது எந்த மேஜையிலும் ஏறாத மனு, செத்த பிறகு ஏறிவிட்டது. பேயை நீக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்லும் பாடநூல்கள் அகாகிக்கு இன்னொரு முறை அநியாயம் செய்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

கோகோலின் 'மூக்கு' இன்னும் விசித்திரம். எட்டாம் வகுப்பு அதிகாரி கோவல்யோவின் மூக்கு காணாமல் போய், ஐந்தாம் வகுப்பு அதிகாரியின் சீருடையில் பீட்டர்ஸ்பர்கில் வண்டியேறித் திரிகிறது. தன்னைவிட மூன்று படி மேலே இருக்கும் தன் மூக்கிடமே எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவன் தவிக்கிறான். மகா பீட்டர் 1722இல் கொண்டுவந்த பதினான்கு படிப் பதவி அட்டவணை மனிதர்களை என்ன செய்திருந்தது என்று இதைவிட நேராக யாரும் சொல்லவில்லை. மூக்கு கஸான் பேராலயத்தில் பிரார்த்தனை செய்வதாக எழுதியிருந்தார், தணிக்கைக்காக அதைக் கடைவீதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கதை 1836இல் வந்தது, வெளியிட்டவர் புஷ்கின், தன் சொந்தப் பத்திரிகையில்.

துர்கனேவின் 'பேழின் புல்வெளி' (1851) மென்மையான கதை. இரவில் குதிரை மேய்க்கும் ஐந்து பண்ணையடிமைச் சிறுவர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்கிறார்கள், வழிதவறி வந்த வேட்டைக்காரர் ஒருவர் படுத்தபடி கேட்கிறார். அதில் இல்யூஷா சொல்வதைக் கவனியுங்கள். காகிதத் தொழிற்சாலையில் ஆளில்லாத மாடியில் யாரோ நடக்கிற சத்தம், நீர்ச்சக்கரம் தானாகச் சுற்றுகிறது, வீட்டுப்பூதம் இருமுகிறது. ராத்திரி நேரத்தில் குழந்தைகள் அங்கே என்ன செய்தார்கள்? நாளைக்கு வேலை நிறைய இருக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டாம் என்று மேற்பார்வையாளர் நிறுத்திவைத்துவிட்டார். இல்யூஷாவுக்கு அது குறையாகவே தோன்றவில்லை, பூதத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு போகிறான். கணக்கை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

செகாவின் 'கறுப்புத் துறவி'யையும் (1894) விட்டுவிடக் கூடாது. ரை வயலைத் தாண்டிக் காற்றாக வரும் துறவியைத் தாமே கனவில் கண்டதாகச் செகாவ் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபைச் சுமந்தவர்களில் ஒருவர் புல்ககோவ். 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' நாவலில் சாத்தான் மாஸ்கோவுக்கு வந்து பார்த்துவிட்டு, ஜனங்கள் பழைய ஜனங்கள்தான், வீட்டுப் பிரச்சினைதான் இவர்களைக் கெடுத்துவிட்டது என்கிறான். இந்தச் சாத்தானும் சில்லறைக் கணக்குப் பார்ப்பவன்தான். புல்ககோவ் 1940இல் காலமானார். மனைவி யெலேனா பொத்திக் காத்த கையெழுத்துப் பிரதி, வெட்டுகளோடு அச்சேற 1966 முடிய வேண்டியிருந்தது.

ஓதோயெவ்ஸ்கி, அலெக்ஸேய் தல்ஸ்தோய் போன்றவர்களின் காட்டேரி, தேவதைக் கதைகளுக்கும் இந்தப் பகுதியில் இடம் கொடுத்திருக்கிறோம். சுவையான கதைகள்தான். ஆனால் அவை ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மனின் மாளிகைகளிலிருந்து அதிகம் விலகி வரவில்லை, அந்த நுனிக்கால் நடையும் கடிகாரச் சாவியும் அவற்றில் கிடைக்காது.

அந்த விவரங்கள் தானாக வந்துவிடவில்லை. 1829 ஏப்ரலில், இருபது வயது கோகோல் பீட்டர்ஸ்பர்கில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தபோது, உக்ரைனில் இருந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிராமத்துக் கோயில் ஊழியரின் உடுப்பை மேலிருந்து கீழே வரை பெயர்களோடு எழுதுங்கள், கல்யாணச் சடங்கு ஒன்றையும் விடாதீர்கள், இவான் குபாலா திருவிழா பற்றி, நீர்மோகினிகள் பற்றி, வீட்டுப்பூதங்கள் பற்றி, அவற்றின் பெயர், செய்கை எல்லாம் வேண்டும் என்று கேட்டார். ஊரில் விசாரித்து எழுதும்படி வேண்டிக்கொண்டார். அடுத்த இரண்டரை வருஷத்துக்குள் 'திகான்கா அருகே ஒரு பண்ணையில் மாலைகள்' முதல் பகுதி அச்சில் வந்துவிட்டது.

உங்களிடம் நான் கேட்பதும் அதேதான். வீட்டில் அம்மாவோ பாட்டியோ சித்தப்பாவோ சொன்ன ஆவிக்கதை ஒன்றாவது இருக்கும். அவர்களிடம் உட்கார்ந்து மறுபடியும் கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், வந்தவர் யாருக்கு என்ன உறவு, என்ன உடுத்தியிருந்தார், என்ன கேட்டார், கதவு திறந்திருந்ததா பூட்டியிருந்ததா என்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நீதியோ விளக்கமோ சேர்க்க வேண்டாம். தை மாத இறுதிக்குள் எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றில் நல்லவற்றை மாசி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்